கடைசிப் பாட்டில் மட்டும் ஸ்ஸ்ஸ்

போன வாரம் நண்பர் ஒருவர், "உங்க விஎம்95இ கார்ட்ரிட்ஜ் எப்படி ஓடுது, நானும் வாங்கலாமா?" என்று கேட்டார். ரெக்கார்டு பிளேயரில் முள்ளைத் தாங்கி நிற்கும் சின்னப் பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். சட்டென்று பதில் வரவில்லை. மூன்று வருஷமாக அதில்தான் கேட்கிறேன், முதல் இரண்டு வருஷம் திட்டிக்கொண்டே கேட்டேன்.

புகார் ஒன்றுதான். எல்பியின் வெளி ஓரத்துப் பாட்டெல்லாம் தெளிவாக இருக்கும். லேபிளை ஒட்டிய கடைசிப் பாட்டில் மட்டும் பாடகி 'ச' என்று வாயெடுத்தாலே, விசில் வரப்போகும் குக்கர் மாதிரி சீறும். ரெக்கார்டு தேய்ந்துவிட்டது என்றேன், அப்புறம் முள் மட்டம் என்றேன். இரண்டும் இல்லை. கடையில் மாட்டித் தந்தபோதே ஹெட்ஷெல்லில், அதாவது கார்ட்ரிட்ஜை மாட்டும் கை நுனியில், 3 மில்லிமீட்டர் பின்தள்ளி, கொஞ்சம் கோணலாக மாட்டியிருக்கிறார்கள். உள்வட்டத்தில் ஒரு சுற்றின் நீளம் வெளி ஓரத்தில் பாதிகூடக் கிடையாது, அதே 1.8 விநாடிப் பாட்டை அதற்குள் நெருக்கியிருப்பார்கள். அங்கே கோணம் பிசகினால் காதில் அடிக்கும்.

சரி, நானே பார்க்கிறேன் என்று, கோணத்தைச் சரிபார்க்கக் கண்ணாடியில் கோடு போட்ட புரொட்ராக்டர் வாங்கினேன். மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. என்று இரண்டு புள்ளிகள். இரண்டிலும் முள் சரியாக இறங்கி, கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு நேராக நிற்கவேண்டும். செல்போன் டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தால் நிற்கிறது. ஸ்க்ரூவின் கடைசி அரைச்சுற்றை இறுக்கினேன், மயிரிழை திரும்பிவிட்டது. தளர்த்து, திருப்பு, இறுக்கு, மறுபடி பார். மூன்று மணி நேரம்! இரண்டு ஸ்க்ரூவையும் மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்கியபோதுதான் அசையாமல் நின்றது. முன்னால் தள்ளியதில் முள்ளின் அழுத்தம் ஏறிவிட, பின்னாலிருக்கும் எடையைத் திருகி மறுபடி 2 கிராமுக்குக் கொண்டுவந்தேன். கார்ட்ரிட்ஜின் உடம்பிலேயே மரை போட்டிருக்கிறார்கள், நட்டு வேண்டாம், அந்தப் புண்ணியம் அவர்களுக்கு உண்டு. பழைய கார்ட்ரிட்ஜின் நட்டுகளை நான் தரையில் படுத்துத் தேடியிருக்கிறேன்.

அன்று ராத்திரி கடைசிப் பாட்டை நாலு தடவை போட்டேன். 'ச' வெறும் 'ச'வாக வந்தது. ஒன்றிரண்டு பழைய தட்டுகளில் லேசான சீறல் இன்னும் உண்டு, அதற்கு இதைக் குறை சொல்ல மனசு வரவில்லை.

நண்பருக்கு 'வாங்காதீங்க' என்று அனுப்பிவிட்டேன். எனக்கு முள் தேய்ந்தால் இதே முள்தான் வாங்குவேன். இழுத்தால் கழன்றுவரும், ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம்.