ஏற்காடு காபித் தோட்ட நிழல்: சில்வர் ஓக்கா, நம்மூர் மரமா?

சேர்வராயன் மலையில் காபிக்கு நிழல் மரம் வைக்க நினைப்பவர்கள் பலரும் முதலில் தேடுவது சில்வர் ஓக் நாற்றைத்தான். காரணம் இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலிய மரம் என்றாலும் நட்ட இடத்தில் பிழைத்துக்கொள்ளும், நேராக ஓங்கும், சொரசொரப்பான பட்டையில் மிளகுக்கொடி நன்றாகப் பிடிக்கும். 20 வருடத்தில் பிளைவுட்டுக்கு விலைபோகும். மரக்காசு மட்டுமே கணக்கு என்றால் வேறு மரம் பார்க்கவே வேண்டாம்.

நிழல் கணக்குதான் இடிக்கிறது. அதன் தலை குறுகியது. உச்சி வெயில் காபித் தண்டில் நேரே விழும். அராபிகா வகைக் காபியைக் கொல்லும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டையிடத் தேடுவதும் வெயில் படும் தண்டையே. தடித்த சருகு மட்க நாளாகும். பூவில் தேன் உண்டு, பறவைக்குப் பழம் கிடையாது.

நம்மூர் மரங்களில் முதலிடம் அத்திக்கும் இச்சிக்கும். அகலமாகக் கவியும், சருகு சீக்கிரம் மட்கும், பழத்துக்குப் பச்சைப்புறாவும் மரநாயும் வரும். விதையில் வளர்ப்பது சிரமம்; போத்துதான் (நட்டால் வேர்விடும் தடித்த கிளைத் துண்டு) வழி. மணிக்கட்டுப் பருமனில் 6 அடிப் போத்து வெட்டி, பால் காய ஒரு நாள் நிழலில் போட்டு, மேல்வெட்டில் சாணி அப்பி, ஒன்றரை அடி ஆழம் புதைக்க வேண்டும். மண்ணை மிதித்து இறுக்காவிட்டால் காற்றில் ஆடிப் புதுவேர் அறுந்துபோகும். குழியில் நீர் தேங்கினால் அடி அழுகும். மரத்துக்கு மரம் 40 அடி விடுங்கள். அத்தி இனம் என்பதற்காக ஆலமரத்தைத் தோட்டத்துக்குள் கொண்டுவர வேண்டாம்!

பலா வருடம் முழுக்க இலையோடு நிற்கும். மேற்கு, தெற்குச் சரிவுகளின் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறட்சிக்கு ஏற்றது. கொட்டை காய்ந்தால் முளைக்காது. பழம் தின்ற வாரமே குழிக்கு மூன்று கொட்டை நேரடியாக ஊன்றி, பிறகு ஒன்றை மட்டும் விடலாம். பையில் மாதக்கணக்கில் வைத்தால் ஆணிவேர் சுருண்டு, பின்னாளில் மரம் சாயும். தொல்லையும் உண்டு: குரங்கு வரும், முற்றிய பழம் விழுந்து காபிக் கிளையை முறிக்கும். பிஞ்சிலேயே கறிக்குப் பறித்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

சந்தன வேம்பு நல்ல பலகை மரம், ஆனால் பனிக்காலத்தில் இலை உதிர்க்கும். ஓடைக்கரையின் ஈரத்துக்கு விடலாம், வறண்ட சரிவுக்கு ஆகாது. வரிசையாக நட்டால் குருத்துத் துளைப்பான் நுனியைத் தின்று மரம் கவையாகும். கலந்து நட்டு, கவையில் ஒன்றை வெட்டிவிடுங்கள்.

கல்யாண முருங்கை சீக்கிரம் நிழல் தரும், தழைச்சத்தும் தரும். 2005 வாக்கில் கேரளத்தில் தலைகாட்டிய, இம்மரத்தின் இலையையும் தண்டையும் முண்டுமுண்டாக வீங்கவைக்கும் கரணைக் குளவிக்குப் பிறகு அதை மட்டும் நம்பி மிளகு ஏற்றுவது ஆபத்து.

எதுவானாலும் ஒன்றரை அடி சதுரக் குழி, ஒரு கூடை தொழு உரம், மண் நன்றாக நனைந்த ஜூன், ஜூலை. அப்போது நட்டால் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து கிடைக்கும். கோடைக்குள் வேர் இறங்கிவிடும்.

இருக்கும் சில்வர் ஓக்கை ஒரேயடியாகச் சாய்க்காதீர்கள். திடீர் வெயிலில் தண்டுத் துளைப்பான் பெருகும். முதலில் இடைவெளிகளில் அத்தி, பலா. அவை காபிக்கு மேலே தலை விரித்த பிறகு, வனத்துறை அனுமதியோடு, வருடத்துக்குச் சில மரமாக மழை தொடங்கும்போது எடுக்கலாம். கிளைகளை முன்பே கழித்துவிட்டால் கீழே உள்ள செடி நசுங்காது.