சைட்டோகைன் பேனல் டெஸ்ட்: எடுத்துப் பாத்தவளோட ரிவ்யூ, 2 ஸ்டார்

ஃபாலிக்கிள் ஸ்டடி (முட்டை இருக்கற பை எவ்வளவு வளந்திருக்குன்னு பாக்கற ஸ்கேன்) போறவங்க நிறைய பேர் இத எடுக்கலாமான்னு கேக்கறதால எழுதறேன். லேப் பேரு வேணாம் விடுங்க. "சினைப்பைல வீக்கம் இருக்கான்னு ரத்தத்துலயே பாத்துடலாம்"னு ஒரு பேக்கேஜ் (சைட்டோகைன்னா வீக்கம் மாதிரி நேரத்துல செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்ல விடற புரதம்), இன்டர்லூக்கின் 6, இன்டர்லூக்கின் 1 பீட்டா, டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்ஃபெரான் காமான்னு வரிசையா பேரு, நானும் மாசாமாசம் நாள் எண்ணி எண்ணி சலிச்சுப் போயிருந்த நேரம், சரி இதையும் பாத்துடுவோம்னு குடுத்துட்டேன்.

வீட்டுக்கே வந்து எடுத்தாங்க, அதுக்கு ஒரு ஸ்டார். வந்த தம்பிக்கு நல்ல கை, குத்துனதே தெரியல. ஆனா ட்யூப்ப அப்படியே பைல போட்டுட்டு "இன்னும் நாலு வீடு இருக்குக்கா"ன்னு கெளம்பிட்டாரு, ஐஸ் பேக் எதுவும் என் கண்ணுல படல. இதெல்லாம் பிகோகிராம்ல அளக்கற சமாச்சாரம், ஒரு கிராம லட்சம் கோடி பங்கு போட்டா அதுல ஒண்ணு. ரத்தத்த சுத்திப் பிரிக்காம ரொம்ப நேரம் வெச்சிருந்தா ட்யூபுக்குள்ள இருக்கற வெள்ளணுவே அதுபாட்டுக்கு இன்னும் கொஞ்சம் விடும். அப்புறம் வர்ற நம்பர் என் உடம்போடதா ட்யூபோடதா?

பெரிய கடுப்பு என்னன்னா, பீரியட்ஸ் ஆகி எத்தனாவது நாள்னு ஒருத்தர் கூட கேக்கல. முட்டை வெடிக்கறதே ஒரு வீக்கம் மாதிரிதாங்க, எஸ்பேன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1980லயே எழுதிட்டாரு. முட்டைய வெளிய விடச் சொல்ற ஹார்மோன் எல்ஹெச் ஏறுனதும் ஃபாலிக்கிள்ல இருக்கற செல்லுங்க இன்டர்லூக்கின் 6, 8 எல்லாம் விட ஆரம்பிக்கும், இந்த 8 இருக்கே அது வெள்ளணுவ ஆள் விட்டு கூப்பிடற வேலை பாக்கும், அதுங்க வந்து குவியும், வீக்கத்தயும் வலியயும் கெளப்பற ப்ராஸ்டாகிளாண்டின் ஏறும், சுவத்த அரிக்கற என்சைமெல்லாம் கெளம்பும், சுமார் ஒன்றரை நாள்ல சுவர் ஒரு எடத்துல மெலிஞ்சு பிச்சுக்கிட்டு முட்டை வெளிய வந்துடும். அடிபட்ட எடம் வீங்குதே, கிட்டத்தட்ட அதே வேலை. அதனாலதான் அந்த நேரம் பாத்து ப்ராஸ்டாகிளாண்டின அடக்கற இன்டோமெத்தசின் மாதிரி வலி மாத்திரை போட்டா முட்டை வெடிக்காமலே நின்னுட வாய்ப்பு இருக்கு. (எனக்கு ஒரு மாசம் 20 மில்லிமீட்டர் வளந்தும் வெடிக்கல, ஸ்கேன் டேபிள்ல படுத்துக்கிட்டே முதுகுவலிக்கு முழுங்குன மாத்திரைய கணக்குப் போட்டேன். அதான் காரணமான்னு யாரும் சொல்ல முடியாது, ஆனா மனசு கேக்குமா.)

வெடிச்சதுக்கு அப்புறமும் இந்த வெள்ளணுவுக்கும் சைட்டோகைனுக்கும் வேலை இருக்கு. எலிக்கு மேக்ரோஃபேஜ்ங்கற வெள்ளணுவ ஒழிச்சுப் பாத்தா, வெடிச்ச ஃபாலிக்கிளே மாறி உருவாகற கார்பஸ் லூட்டியத்துக்குப் போற ரத்தக்குழாய் கெட்டு சினைப்பைல ரத்தம் கசிஞ்சிருக்கு. கரு தங்கலன்னா அதே கார்பஸ் லூட்டியத்த கலைக்கறதுக்கு டிஎன்எஃப் ஆல்ஃபாவும் கை குடுக்குது. இன்னொரு பக்கம், இன்டர்லூக்கின் 1 இல்லாத எலிக்கு முட்டை இருப்பு ரொம்ப நாள் தாங்குச்சுன்னு 2014ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. அப்ப இது நல்லதா கெட்டதா? எந்த எடம், எந்த நாள்ங்கறதப் பொறுத்தது. ஃபாலிக்கிளுக்குள்ள இருக்கற தண்ணில ஒரு அளவு இருக்கும், கைல எடுக்கற ரத்தத்துல வேற அளவு இருக்கும்.

ரிப்போர்ட் சொன்ன நேரத்துக்கு வந்துச்சு, ரெண்டாவது ஸ்டார் அதுக்கு. இன்டர்லூக்கின் 6 பக்கத்துல சேப்பு அம்புக்குறி, கீழ "நாள்பட்ட வீக்கம்"னு ஒரு வரி, படிச்சதும் வயித்த கலக்கிடுச்சு. அடுத்த நாளே ஒரு பொண்ணு போன் பண்ணி, வீக்கம் கொறைய சப்ளிமென்ட் கோர்ஸ் இருக்கு மேடம்னு ஆரம்பிச்சா.

என் டாக்டரம்மா பேப்பர ஒரு பொரட்டு பொரட்டிட்டு, "ஏம்மா, போன வாரம் சளி புடிச்சிருந்துச்சா?"ன்னாங்க. ஆமாம் டாக்டர்னேன். "ஏறுனது மூக்காலயா சினைப்பையாலயான்னு இந்த பேப்பருக்குத் தெரியாதும்மா"ன்னு மடிச்சு கைல குடுத்துட்டாங்க. பிசிஓஎஸ்ல (சினைப்பை நீர்க்கட்டின்னு சொல்றாங்களே அது) லேசா வீக்கம் இருக்கறது உண்மைதானாம், ஆனா 2023 சர்வதேச வழிகாட்டில கூட பிசிஓஎஸ்ஸ கண்டுபிடிக்க பாக்கறது பீரியட்ஸ் ஒழுங்கு, ஆண் ஹார்மோன், அப்புறம் ஸ்கேன் இல்லன்னா முட்டை இருப்பக் காட்டற ஏஎம்ஹெச் ரத்த டெஸ்ட், சைட்டோகைன் இல்ல. பிரிட்டன்ல கருத்தரிப்பு சிகிச்சைய கண்காணிக்கற எச்எஃப்இஏவும் இந்த மாதிரி இம்யூன் டெஸ்டுக்கெல்லாம் பச்சைக்கொடி காட்டல.

சப்ளிமென்ட் பொண்ணு இன்னும் விடல. நம்பர ப்ளாக் பண்ணா வேற நம்பர்ல இருந்து வருது, அவளும் இது வரைக்கும் எத்தனாவது நாள்னு கேக்கல.