உதகையில் பைக் கழுவக் கொடுத்த அனுபவம்

கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்த என் பைக்கை, உதகையில் ஒரு சிறிய வாட்டர் வாஷ் கடையில் விட்டேன். வண்டி வந்தவுடன் தண்ணீரைப் பீய்ச்சாமல், இன்ஜின் சூடு தணியும்வரை அரை மணி நேரம் ஓரமாக நிறுத்திவைத்ததும், சைலன்சர் வாயைப் பிளாஸ்டிக் பையால் கட்டியதும் எனக்கு மிகுந்த நம்பிக்கையைத் தந்தன.

சென்ற ஆண்டு வேறொரு கடையில் சக்கரத்தின் நடுப்பகுதியிலேயே பிரஷர் தண்ணீரை அடித்ததால், பேரிங்கிலிருந்த கிரீஸ் வெளியேறி, இரண்டே மாதத்தில் இரைச்சல் கிளம்பியது. இங்கோ அந்த இடங்களையும் சுவிட்சுகளையும் ஈரத்துணியால் மட்டுமே துடைத்தார்கள். துணி சோப்புத் தூளைத் தொடாமல் வாகன ஷாம்பூவையே பயன்படுத்தினார்கள். செயினை மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, இன்ஜினை நிறுத்திய நிலையில் சக்கரத்தைக் கையால் சுழற்றியபடி உட்புறமாக எண்ணெய் விட்ட அந்தப் பொறுமையை நான் அருகிலேயே நின்று பார்த்தேன். பிரேக் டிஸ்க்கில் ஒரு துளியும் தெறிக்காதபடி அட்டையொன்றைப் பிடித்திருந்தார் அந்தப் பணியாளர்.

குறை ஒன்று உண்டு. பனிமூட்டத்தில் எதுவும் எளிதில் காயாத இந்த ஊரில், காற்றடித்து உலர்த்தும் வசதி அவர்களிடம் இல்லை. பிரேக் நனைந்திருப்பதால், இறக்கத்துக்குப் போகுமுன் சமதளத்தில் மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று முறை பிடித்துப் பார்க்கும்படி அவர்களே சொல்லி அனுப்பினார்கள்.