28, ஓவல், 24: மூன்று கேசரோல் பானைகளோடு ஏழு வருடம்

நம் வீடுகளில் கேசரோல் என்றால் சப்பாத்தியைச் சூடாக வைத்திருக்கும் ஹாட்பாக்ஸ்தான். நான் எழுதப்போவது அடுப்பில் ஏற்றிச் சமைக்கிற, எனாமல் பூசிய வார்ப்பிரும்புப் பானையைப் பற்றி. ஏழு வருடத்தில் மூன்று சேர்ந்துவிட்டன. தினமும் அடுப்பேறுவது ஒன்றுதான்.

முதலில் வாங்கியது 28 செ.மீ. வட்டப் பானை, 6.7 லிட்டர். பெரிதாக வாங்கிவிட்டால் விருந்தாளி வந்தாலும் கவலை இல்லை என்று கணக்குப் போட்டேன். மூடியோடு ஆறு கிலோ இருக்கும். பாதிக்குக் குழம்பு வைத்தாலே பத்து கிலோவைத் தொட்டுவிடும். ஊரிலிருந்து வந்த அம்மா ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, அம்மிதான் வேணும்னா நம்ம வீட்டுக் கொல்லையிலயே ஒண்ணு சும்மா கிடக்கே" என்றாள்.

கனம்கூடப் பழகிவிட்டது. பழகாதது அதன் அகலம். நாங்கள் நாலு பேர். ஒரு வேளைக்குக் காரக்குழம்பு ஒன்றேகால் லிட்டர் வைப்பேன். அது அந்தப் பானையில் ஒரு விரற்கடைக்குச் சற்று மேலேதான் நிற்கும். எண்ணெய் பிரிவதற்குள் தண்ணீர் வற்றி, ஓரமெல்லாம் மசாலா அப்பிக்கொள்ளும். வெந்நீர் ஊற்றி ஊற்றியே குழம்பின் ருசி போய்விடும். கழுவுவது தனிக்கதை. தொட்டிக்குள் அடங்காமல் சாய்த்துப் பிடித்துக் கழுவியதில் ஒருநாள் குழாயில் இடித்து, விளிம்பில் மிளகளவு எனாமல் தெறித்துவிட்டது. வெளி விளிம்பு என்பதால், கழுவியதும் துடைத்து எண்ணெய் தடவிச் சமாளிக்கிறேன். உள்ளே பெயர்ந்திருந்தால் பானையையே ஒதுக்கியிருப்பேன். சில்லு சாப்பாட்டில் விழுந்தால் யார் பதில் சொல்வது?

கடையில் சென்டிமீட்டரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 20 செ.மீ. பானை கிட்டத்தட்ட 2.4 லிட்டர். 24 என்றால் 4.2 லிட்டர். வாய் நாலே சென்டிமீட்டர்தான் கூடுகிறது, கொள்ளளவோ முக்கால் பங்கு ஏறிவிடுகிறது, ஏனென்றால் அகலத்தோடு உயரமும் சேர்ந்து வளர்கிறது. குக்கரை லிட்டர் சொல்லித்தானே வாங்குகிறோம், இதையும் லிட்டரில் கேளுங்கள். இன்னொன்று, அந்தச் சென்டிமீட்டர் வாயின் அகலம் மட்டும்தான். பக்கத்துக் கைப்பிடிகள் அதில் சேராது. என் 28 செ.மீ. பானை, கைப்பிடி இடித்து, ஓடிஜி எனும் சின்ன மின்சார ஓவனுக்குள் போகவே இல்லை. கேஸ் அடுப்பிலோ பக்கத்துப் பர்னரில் தோசைக்கல்லுக்கு இடம் விடாது.

இரண்டாவது, பிரான்சில் இருக்கும் அத்தை மகள் கொண்டுவந்து தந்த ஓவல் பானை, 29 செ.மீ. முழுக்கோழியையோ ஆட்டுத்தொடையையோ அப்படியே வைத்து ஓவனில் வேகவிட அந்த வடிவம் அருமை. அவர்கள் சமையலுக்கு அது பொருந்தும். நான் அதில் கேஸ் அடுப்பில் சின்ன வெங்காயம் வதக்கினேன். பர்னர் வட்டம், பானை நீளம். நடுவில் வெங்காயம் சிவந்து கருகத் தொடங்கியபோது இரண்டு முனையிலும் பச்சையாகவே கிடந்தது. கரண்டியால் முனையிலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து முனைக்கு என்று தள்ளித் தள்ளிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளுமே தவிர, பக்கவாட்டில் சீக்கிரம் பரப்பாது. ஓவன் இல்லாத வீட்டுக்கு ஓவல் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கொடுத்தவளிடம் இதைச் சொல்லவில்லை. அவள் வரும் நாளில் மட்டும் மேஜைக்கு வரும்.

மூன்றாவதுதான் 24 வட்டம். இதை வாங்கும் முன் ஒரு வேலை செய்தேன். தினமும் குழம்பு வைக்கும் மண்சட்டியில் வழக்கமான அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அளவுக் குவளையால் மொண்டு பார்த்தேன். அதைப்போல மூன்று பங்கு கொள்ளும் பானை இருந்தால் போதும் என்று தோன்றியது. தினசரிக்கும் ஆகும், பிரியாணிக்கும் ஆகும். அரை கிலோ சீரகச் சம்பா, அரை கிலோ கறி போட்டு தம் வைத்தால் மேலே மூன்று விரல் இடம் மிஞ்சும், அரிசி உடையாமல் கிளறலாம். ஒரு கிலோ என்றால்தான் 28ஐ இறக்குவேன்.

புளிக்குழம்புக்கு இது நல்ல துணை. வெறும் இரும்புச் சட்டியில் புளி கறுத்து உலோக வாடை அடிக்கும், எனாமலில் அந்தத் தொல்லை இல்லை. உட்புறம் வெளிர் நிறமாக இருப்பதால் வெங்காயம் எவ்வளவு சிவந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். வத்தக்குழம்பை அடுப்பு அணைத்து ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தாலும் ஓரத்தில் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும், ஆகவே கொஞ்சம் முன்னாலேயே அணைத்துவிடுகிறேன். ஆனால் அவசரத்துக்கு உதவாது. காலையில் ஏழரை மணி பள்ளி வேனுக்கு ஓடும் வீட்டில் ரசம் வைக்க இதை எடுத்தால் சூடேறவே பொறுமை போய்விடும். காலியாகப் பெருந்தீயில் வைப்பதும், சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீரை ஊற்றுவதும் கூடாது, எனாமல் விரிசல் விடும்.

போன ஜூனில் பெரியவன் விடுதிக்குப் போய்விட்டான். இப்போது 24இலும் குழம்பு அடியில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது. 20 செ.மீ. ஒன்றை ஒரு கடையில் பார்த்து வைத்திருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.