ஜெனோவாவில் வீடு எடுக்கும் முன் படித்துவிடுங்கள்: என் 1,140 யூரோ போச்சு

இத்தாலியின் ஜெனோவாவில் ஒரு ஹோட்டல் அறையின் குளியலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே விளக்கைப் போட்டால் அப்பாவும் அம்மாவும் எழுந்துவிடுவார்கள். ஏமாந்தது தெரிந்து மூன்று நாளாகிறது. 1,140 யூரோ. நம்மூர்க் காசில் ஒரு லட்சத்துக்கும் மேல். நீங்கள் ஏமாறாமல் இருக்கக் கடைசியில் பத்து டிப்ஸ் விரிவாகத் தருகிறேன், முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

நான் மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். திண்டுக்கல்லிலிருந்து அப்பா அம்மா முதல்முறையாக வந்திருக்கிறார்கள். ரோம், வெனிஸ் என்று ஊர் ஊராகப் பெட்டி தூக்கிக்கொண்டு அலைய அப்பாவின் முழங்கால் இடம் கொடுக்காது. ஒரே ஊரில் பெட்டியை இறக்கிவிட்டு, காலையில் ரயிலேறிப் போய் ராத்திரி திரும்பிவிடலாம் என்று முடிவு செய்தோம். அதற்கு ஜெனோவா அருமையான ஊர். இப்போதும் அதைத்தான் சொல்வேன், ஊர் மேல் எனக்குக் கோபமில்லை. கடலை ஒட்டியே ரயில் ஓடுகிறது. கிழக்கே நெர்வி, ரெக்கோ, கமோலி, சாந்தா மார்கெரீத்தா. அப்படியே உட்கார்ந்திருந்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சிங்க்வே தெர்ரே என்கிற ஐந்து கடலோர ஊர்களில் முதலாவதான மொந்தெரோஸ்ஸோ. போர்தோஃபீனோவுக்கு ரயில் கிடையாது, சாந்தா மார்கெரீத்தாவில் இறங்கி பஸ்ஸோ படகோ பிடிக்கணும். சான் ஃப்ருத்துவோஸோ மடத்துக்குச் சாலையே இல்லை, கமோலியிலிருந்து படகில் போகலாம், இல்லையென்றால் மலைப்பாதையில் நடக்கணும். அந்த ஐந்து ஊர்களில் கொர்னீலியாவை மட்டும் அப்பாவுக்காக வெட்டிவிட்டேன், ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் ஏற ஏறத்தாழ 380 படி. இவ்வளவும் துருவித் துருவிப் பார்த்தவன் வீட்டு விஷயத்தில் கோட்டை விட்டேன்.

எல்லோருக்கும் தெரிந்த வகையான ஒரு வாடகை வீட்டு இணையதளம். பெயர் சொல்லப்போவதில்லை. பிரின்சிப்பே ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை, இரண்டாம் மாடி, லிஃப்ட் உண்டு, ஜன்னலைத் திறந்தால் லாந்தெர்னா கலங்கரை விளக்கம் தெரியும் என்று போட்டிருந்தார்கள். ஆறு ராத்திரிக்கு 840, முன்பணம் 300. வீட்டுக்காரன் இரண்டாவது மெசேஜிலேயே வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னான். தளத்துக்குக் கமிஷன் போகாவிட்டால் உங்களுக்கும் வசதிதானே, வரி உட்பட இதே தொகையில் முடித்துக்கொள்ளலாம் என்றான். இரண்டு நாள் யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன்.

அப்போதுதான் அம்மா போனில் கேட்டாள். "தம்பி, அங்கே கேஸ் அடுப்பா, கரண்ட் அடுப்பா? ராத்திரிக்கு ரசஞ்சோறு இல்லாம அப்பாவுக்கு ஆகாது, கேட்டுச் சொல்லு." அவனிடம் கேட்டேன். பத்து நிமிடத்தில் ஒரு படம் வந்தது. நாலு பர்னர் கேஸ் அடுப்பு. இடது பக்கம் பின்னால் இருந்த பர்னரைச் சுற்றிக் கரி. அதன் மேல் கைப்பிடி கொஞ்சம் உருகிப்போன ஒரு சின்ன மோகா காபிப் பாத்திரம். கூடவே ஒரு வரி: "என் அம்மாவும் வெளியே சாப்பிட மாட்டார், உங்கள் அம்மா என்ன சமைப்பார்?"

அந்த இடத்தில்தான் விழுந்தேன். ஏமாற்றுகிறவன் பளபளக்கிற சமையலறையைக் காட்டுவானா, கரி பிடித்த பர்னரைக் காட்டுவானா என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டேன். அம்மாவுக்குப் படத்தை அனுப்பினேன். "பரவாயில்லை, புழங்குற வீடுதான்" என்றாள். ரசம் வைப்பது எப்படி என்று அந்தத் திருடனுக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். அதை நினைத்தால்தான் காசைவிட அதிகமாக எரிகிறது.

அவன் கொடுத்த கணக்கு எண் இத்தாலிக்கான ஐ, டி எழுத்துகளில் தொடங்கவில்லை. பணம் அனுப்பும்போது பேங்க் ஆப் சிவப்பில் எச்சரித்தது, பெறுபவர் பெயர் பொருந்தவில்லை என்று. 2025 அக்டோபரிலிருந்து யூரோ நாடுகளில் பேங்குகள் இப்படிப் பெயரைச் சரிபார்த்துத்தான் ஆகணும். அவனைக் கேட்டேன். வெளிநாட்டில் இருக்கும் அக்காவின் கணக்கு என்றான். சரி என்று 'தொடர்க'வை அழுத்தினேன். உடனடிப் பரிமாற்றம், பத்து நொடிகூட ஆகாது. 1,140 யூரோ.

மிலானோவிலிருந்து வந்த ரயில் சாயங்காலம் ஆறரைக்கு இறக்கிவிட்டது. ஸ்டேஷன் வாசலில் கொலம்பஸ் சிலை, அதன் முன்னால் அப்பா போட்டோ எடுத்துக்கொண்டார். கதவருகே நிற்கிறேன் என்று மதியம்தான் மெசேஜ் அனுப்பியிருந்தான். பழைய ஊரின் சந்துகளுக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு போனோம். இங்கே அந்தச் சந்துகளை 'கரூஜி' என்கிறார்கள். அவன் கொடுத்த எண்ணில் இருந்தது பூட்டிய ஒரு கடை ஷட்டர். எதிரே போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்த பங்களாதேஷ்காரரிடம் என் அரைகுறை இந்தியில் விலாசத்தைக் காட்டினேன். எண்ணுக்குப் பக்கத்திலிருந்த 'ஆர்' எழுத்தின் மேல் விரலை வைத்தார். ஜெனோவாவில் ஒரே தெருவுக்கு இரண்டு வரிசை எண்களாம். கறுப்பு எண் குடியிருப்புக்கு, சிவப்பு எண் கடைகண்ணிக்கு. 'ஆர்' என்றால் சிவப்பு. "இது வீடு இல்லை பாய்" என்றார்.

தப்பாக எழுதியிருப்பான் என்று அதே எண்ணைக் கறுப்பில் தேடிப் பிடித்தேன். மணிப் பலகையில் அவன் பெயர் இல்லை. மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்தார். எங்களைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார். "அங்கோரா!" என்றார். மறுபடியுமா என்று அர்த்தம். எனக்கு இத்தாலிய மொழி தெரியாது, ஆனால் அந்தக் குரலுக்கு அகராதி தேவைப்படவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் ஆறு மாடி, நடுவில் துணி காயும் கொடிகள், அதற்கு மேல் ஒரு முழம் வானம். லாந்தெர்னா 77 மீட்டர் உயரம்தான், இருந்தாலும் இந்தச் சந்தில் எந்த ஜன்னலிலிருந்து அது தெரியும்? வாட்ஸ்அப்பில் என் மெசேஜுக்கு ஒற்றை டிக் மட்டும். அவனுடைய முகப்புப் படமும் காணோம். அப்பா பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, "விடுப்பா, வேற ரூம் பார்ப்போம்" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை, ரசப்பொடி டப்பா இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் எல்லோரும் கைகழுவியதைச் சொல்கிறேன். தளத்தின் சாட்டில் முதலில் இயந்திரம், பிறகு ஆள். இரண்டும் ஒரே பத்தியை அனுப்பின: எங்கள் தளத்துக்கு வெளியே செலுத்திய தொகைக்கு நாங்கள் பொறுப்பல்ல. மூன்று தடவை அதே பத்தி. முடிவில், இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டார்கள். விளம்பரம் உங்கள் தளத்தில்தானே இருந்தது, அதற்கு யார் பொறுப்பு என்றேன். பதிலில்லை. பேங்கில், எச்சரிக்கையைப் பார்த்த பிறகும் நீங்களே அனுமதித்திருக்கிறீர்கள் என்றார்கள். உண்மைதான், அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது. பயணக் காப்பீட்டில் மோசடி அடங்காதாம். முதலில் போன காவல் நிலையத்தில் வாட்ஸ்அப் பேச்சை இத்தாலிய மொழியில் கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, கடைசியில் ஒரு 'தெனூன்சியா', அதாவது போலீஸ் புகார், எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். எழுதியவர் நல்ல மனுஷர். காசு வராது என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

இப்போது இருப்பது பிரிஞ்ஞோலே ஸ்டேஷன் பக்கம் ஒரு ஹோட்டல், ஒரு ராத்திரிக்கு 165 யூரோ, அடுப்பு கிடையாது. ஆறு நாள் நான்கு நாளாகிவிட்டது. போர்தோஃபீனோ வெட்டு. கமோலிக்கு மட்டும் நேற்று மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தோம், மடத்துக்குப் போகும் படகுக்குத் திரும்பும் நேரம் ஒத்துவரவில்லை. திரும்பி வந்து இங்கே ஒரு கடையில் அம்மா ஃபரினாத்தா வாங்கிக் கடித்துப் பார்த்து, "கடலை மாவு அடை மாதிரி இருக்குடா" என்றாள். அப்பா இரண்டு துண்டு சாப்பிட்டார். மூன்று நாளில் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டது அதுதான்.

பத்து டிப்ஸ் என்றேன். மணி இரண்டாகிறது, அவ்வளவு எழுதத் தெம்பில்லை. தளத்தை விட்டு வெளியே ஒரு சென்ட்கூட அனுப்பாதீர்கள், யார் அம்மாவைப் பற்றிப் பேசினாலும் சரி. இத்தாலியில் 2025 ஜனவரியிலிருந்து இப்படி வாடகைக்கு விடும் வீடுகளின் விளம்பரத்தில் 'சின்' (CIN) என்ற தேசிய அடையாள எண் இருக்கணும், அதைக் கேளுங்கள், மழுப்பினால் ஓடுங்கள். ஜெனோவா விலாசத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் 'ஆர்' இருந்தால் அது கடை. பேங்க் ஆப் பெயர் பொருந்தவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள், அக்கா தங்கை கதையெல்லாம் கேட்காதீர்கள்.

அப்புறம் அந்தப் படம். சற்று முன் அதே தளத்தில் தேடினேன், வேறு பெயரில், வேறு தெருவில், இன்னும் இருக்கிறது. நாலு பர்னர், இடது பின்பக்கம் கரி, கைப்பிடி உருகிய மோகா பாத்திரம். அதைப் பார்த்தால் அனுப்பாதீர்கள்.