வரிக்காசிலயும் கொமிஷனா? ஈபே, எட்ஸி, அமேசன் மூண்டிலயும் ஒரே ஓலைப்பெட்டிய வச்சுப் போட்ட கணக்கு

திருகோணமலை சாம்பல்தீவில மாமி பனையோலைப் பெட்டி பின்னுறா, நியூ ஜெர்சியில இருக்கிற மச்சாள் அதத் தன்ர பேரில ஒன்லைன்ல விக்கலாமெண்டு நிக்கிறா, உவர்மலையில இருந்து கணக்குப் பாக்கிற வேலை எனக்கு. எந்த சைட்டில போடுறதெண்டு கேட்டா ஆளாளுக்கு ஒண்டு சொல்லினம், அதால ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து மூண்டு சைட்டின்ர ஃபீஸ் பக்கத்தையும் வாசிச்சன். வாசிச்ச இடத்தில ஒரு வரியில மாட்டுப்பட்டிட்டன்: ஈபேல கொமிஷன் கணக்குப் பாக்கிறது சாமான் விலைக்கு மட்டுமில்ல, ஷிப்பிங்குக்கும், அதோட வாங்கிற ஆள் கட்டுற சேல்ஸ் டக்ஸுக்கும் சேத்துத்தான்.

மாமிக்கு இதச் சொல்ல, "அந்த வரி அரசாங்கத்துக்குப் போற காசெல்லோ, அதில இவைக்கென்ன பங்கு" எண்டு கேட்டா. சரியான கேள்வி.

அமெரிக்காவில எங்கட வற் (VAT) மாதிரி வரி விலைக்குள்ள ஒளிச்சு நிக்காது. காசு கட்டேக்க வாங்கிறவர் இருக்கிற மாநிலத்தின்ர வரி மேலால ஏறும். நியூயோர்க் சிட்டியில 8.875 வீதம், நியூ ஜெர்சியில 6.625, கலிபோர்னியாவில குறைஞ்சது 7.25, ஓரிகன், மொன்டானா மாதிரி இடங்களில ஒண்டுமே இல்ல. முந்தி வேற மாநிலத்தில இருந்து விக்கிறவரிட்ட இந்த வரியக் கேக்க ஏலாது. 2018 ஜூன் 21ல சவுத் டகோட்டாவுக்கும் வேஃபெயர் எண்ட கொம்பனிக்கும் நடந்த வழக்கில அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அத மாத்திவிட்டுது, அதுக்குப் பிறகு மாநிலங்கள் ஒவ்வொண்டா, ஈபே அமேசன் மாதிரி சந்தை நடத்திறவையே வரிய அறவிட்டுக் கட்டோணும் எண்டு சட்டம் கொண்டு வந்தவை. அப்ப விக்கிறவரின்ர கைக்கு இந்தக் காசு வாறதே இல்ல, கண்ணாலயும் காணமாட்டார்.

சரி கணக்குக்கு வருவம். பெட்டி செட் 40 டொலர், ஷிப்பிங் 10, வாங்கிறது நியூயோர்க் சிட்டி ஆள். 50க்கு வரி 4.44, ஆள் கட்டுறது 54.44.

ஈபே: 2024ல, காசு கட்டி ஈபேல தனியா ஷொப் வைக்காத ஆக்களுக்கு, கனக்க சாமான் வகைகளுக்கு இருந்த 13.25 வீதத்தையே எடுக்கிறன், பிறகு அது இன்னும் கொஞ்சம் ஏறினதெண்டாலும் கணக்கின்ர போக்கு மாறாது. 54.44ல 13.25 வீதம் 7.21, ஓடருக்கு 40 சதம், மொத்தம் 7.61. வரிய விட்டிட்டு 50க்கு மட்டும் பாத்தா 7.03 வரும். வித்தியாசம் 58, 59 சதம், டொலர் 300 ரூபா எண்டு வச்சாலும் ஒரு ஓடருக்கு 175 ரூபா மட்டில. அதே பெட்டி ஓரிகனுக்குப் போனா அந்தக் காசு எங்கட பக்கம் நிக்கும். அதாவது பின்னுறவ ஒராள்தான், விலையும் ஒண்டுதான், ஆனா வாங்கிறவர் எந்த ஊர் எண்டதப் பொறுத்து மாமிக்குக் கிடைக்கிறது மாறும், அதில மாமி செய்யக்கூடியது ஒண்டுமில்ல. விளம்பரத்துக்கு புரொமோட் பண்ணினா அந்த ஃபீஸும் வரி சேந்த மொத்தத்துக்குத்தான்.

இது எப்பிடி வந்ததெண்டும் பாத்தன். முந்தி ஈபே தன்ர கொமிஷன், கனக்க வகைக்கு 10 வீதம், வரிய விட்டிட்டுத்தான் எடுத்தது, காசு எடுக்கிற வேலைய பேபால் செய்து 2.9 வீதமும் 30 சதமும் மொத்தத் தொகையில எடுத்தது. எங்கட கணக்குக்கு 5 டொலரும் 1.88உம், 6.88. பிறகு பேமண்ட் வேலையையும் ஈபேயே கையில எடுத்து, 2021 மட்டில எல்லாரையும் அதுக்குள்ள கொண்டு வந்து, ரெண்டு கட்டணத்தையும் ஒண்டாக் கலந்து ஒரே வீதமாக்கினது. அந்தக் கலக்கலோட வரிக்கு மேல நிக்கிற பகுதி 2.9ல இருந்து முழு வீதத்துக்கும் பாய்ஞ்சிட்டு.

அவையின்ர பக்கத்து நியாயமும் இருக்கு, இல்லையெண்டு சொல்லேல்ல. கார்ட் கொம்பனி 54.44ஐயும்தான் கொண்டு போகுது, அதில வரி எவ்வளவு சாமான் எவ்வளவு எண்டு பிரிச்சுப் பாத்துக் காசு எடுக்கிறதில்ல. அந்த 3 வீதத்துக்கு நான் வாய் திறக்கமாட்டன். ஆனா மிச்ச 10 வீதம் கடை வாடகை மாதிரி, சனத்தக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுறதுக்கான கூலி. சோலை வரிக்கெண்டு எடுத்து வச்ச காசையும் கல்லாவில எண்ணி அதிலயும் வாடகை கேக்கிற கடைச் சொந்தக்காரர எங்கட ஊரில என்னெண்டு சொல்லுவினம் எண்டு உங்களுக்குத் தெரியும்.

எட்ஸி வாடகையையும் கார்ட் செலவையும் ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்கு, அதாலதான் எனக்கு அது கொஞ்சம் நேர்மையாத் தெரியுது. லிஸ்ட் பண்ண 20 சதம், நாலு மாசத்துக்கு. ட்ரான்செக்ஷன் ஃபீஸ் 6.5 வீதம், 2022 ஏப்ரலுக்கு முன்னால 5 ஆ இருந்தது, அது அமெரிக்க விக்கிறவைக்கு சாமானுக்கும் ஷிப்பிங்குக்கும்தான், வரிக்கில்ல, அப்ப 3.25. பேமண்ட் ஃபீஸ் 3 வீதமும் 25 சதமும், அது வரி சேந்த 54.44க்கு, அப்ப 1.88. எல்லாம் கூட்டினா 5.33. அதில வரிக்காசுக்காகப் போனது 13 சதம். இதத்தான் நான் மேல சொன்னது, கார்ட் செலவுக்கு வாங்கு, வாடகைக்கு வாங்காத.

ஆனா எட்ஸியில ஒரு குழி இருக்கு, ஓஃப்சைட் அட்ஸ். அவை வெளியில போடுற விளம்பரத்த அமத்தி ஆராவது வந்து வாங்கினா அந்த ஓடருக்கு 15 வீதம், 50க்கு 7.50, மொத்தம் 12.83 ஆப் போயிடும். வருசத்துக்கு 10,000 டொலருக்குக் கீழ விக்கிறவை இத நிப்பாட்டலாம், அதுக்கு மேல போனா 12 வீதமாக் குறையும் ஆனா நிப்பாட்டவே ஏலாது. ஈபேயவிட வரியில 45 சதம் மட்டில மிச்சம் பிடிச்செண்டு சந்தோசப்பட்டுக்கொண்டு இத ஓஃப் பண்ண மறந்தா போச்சு.

அமேசன் வரியில ஒரு சதமும் தொடுறதில்ல. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வீட்டுச் சாமானுக்கு 15 வீதம், ஷிப்பிங்கும் சேத்து, 7.50, மாசக் கட்டணம் இல்லாத பிளானெண்டா சாமானுக்கு 99 சதம், 8.49! மூண்டிலயும் கூட இதுதான். வரிக்கு ஃபீஸ் எடுக்காத ஆள்தான் ஆகக்கூட எடுக்கிறார். இதுக்குப் பிறகு எனக்கு "வரியில எடுக்கினம்" எண்ட கோவம் பாதி இறங்கிட்டு, ஏனெண்டா எதில எடுக்கினம் எண்டதவிடக் கடைசியில என்ன மிஞ்சுது எண்டதுதான் மாமிக்குத் தேவை. எட்ஸியில 44.67, ஈபேல 42.39, அமேசன்ல 41.51, ஷிப்பிங் காசு இதுக்குள்ளதான் கட்டோணும்.

சொந்த வெப்சைட் போடலாமே எண்டு தம்பி கேட்டான். கார்ட் ஃபீஸ் 2.9 வீதமும் 30 சதமும் (அதுவும் வரியோட சேத்துத்தான்) அப்ப ரெண்டு டொலருக்குள்ள முடிஞ்சுது, ஆனா நியூ ஜெர்சி ஆக்கள் வாங்கினா மச்சாளே பதிஞ்சு வரி அறவிட்டுக் கட்டோணும், மாசாமாசம் சைட் காசு வேற, பெட்டிய ஆர் தேடி வரப்போகினம். இப்போதைக்கு வேண்டாம்.

லண்டனில இருக்கிற சித்தப்பாட மகன் இதெல்லாம் கேட்டுச் சிரிக்கிறான், அங்க 2024 ஒக்டோபரில இருந்து தனியாள் விக்கிறதுக்கு ஈபேல விக்கிற ஃபீஸே இல்ல, அதுக்குப் பதிலா வாங்கிறவரிட்ட பிறகு ஒரு பாதுகாப்புக் கட்டணம் வச்சிட்டினம். எங்க சுத்தினாலும் ஆரோ ஒராள்தான் கட்டுறது.

கடைசியா முடிவெடுத்தது என்னெண்டா, ஓலைப்பெட்டி எட்ஸியில, ஓஃப்சைட் அட்ஸ முதல் வேலையா நிப்பாட்டிட்டு. என்னட்டக் கிடக்கிற பழைய இலங்கை முத்திரையள், 1935ல வந்த ஒரு ரூபா முத்திரையில எங்கட திருகோணமலைதான் இருக்கு தெரியுமோ, அது ஈபேல, ஏனெண்டா முத்திரை தேடுறவை அங்கதான் நிக்கினம். அங்க விலை போடேக்க மட்டும் வெறும் வீதத்தோட நிக்காம, வரி சராசரியா 7 வீதம் வருமெண்டு வச்சு (13.25 எண்டா 14.2) கூட்டிப் போடச் சொல்லி மச்சாளுக்கு அனுப்பியிருக்கிறன், அவ இன்னும் பாக்கேல்ல, அங்க இப்ப விடிய மூண்டு மணி.