'ஓவர்க்ளாக் செய்தே தருகிறோம்' என்று தனியாகக் காசு கேட்டால் உஷார்

புது டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடை. வீடியோ எடிட்டிங்குக்காக இன்டெல் ஐ5-13600கே ப்ராசசர் போட்டு வாங்கினேன். டவர் கூலர் (ப்ராசசர் சூட்டைத் தணிக்கும் பெரிய, உயரமான கூலர்) மாட்டுவதாகவும் 5.1 கிகாஹெர்ட்ஸுக்கு ஓவர்க்ளாக் செய்வதாகவும், அதாவது ஆலை வேகத்துக்கும் மேலே ஏற்றுவதாகவும், சொன்னார்கள். ஓவர்க்ளாக்குக்கு மட்டும் தனியாக 3,500 ரூபாய்.

வீட்டில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஃபேன் அலறுகிறதே தவிர வேலை நகரவில்லை. வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, ப்ராசசரை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் சினிபெஞ்ச்சை ஓடவிட்டேன். சில நொடிகளில் 100 டிகிரி. இந்தச் சிப்புக்கு இன்டெல் வைத்திருக்கும் உச்ச வரம்பே அதுதான். அதைத் தொட்டதும் ப்ராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சிப் எரிந்துவிடாது, சரி. ஆனால் 5.1 என்று காசு வாங்கிய மெஷின் 4-க்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் டவர் கூலரே இல்லை. 65 வாட் ப்ராசசர்களின் பெட்டியோடு வரும் சின்ன ஃபேன்தான் இருக்கிறது. 13600கே மாதிரி பெயரில் 'கே' இருக்கும் வகையின் பெட்டியில் கூலர் வராது. ஆக, வேறு யார் பெட்டியிலிருந்தோ எடுத்தது. 13600கே முழு வேகத்தில் 181 வாட் வரை இழுக்கும். அண்டாச் சோற்றை டீ வடிகட்டியில் வடிக்கிற கதை. பில்லில் 'சிபியு ஃபேன் 1' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள்.

இதைவிடப் பெரிய கூத்து மதர்போர்டு. மாட்டியிருப்பது பி760. இன்டெல்லில் ப்ராசசரின் மல்டிப்ளையரை (வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கு எண்ணை) ஏற்றி ஓவர்க்ளாக் செய்ய இசட்690, இசட்790 மாதிரி இசட் வரிசை போர்டு வேண்டும். பி760-இல் அது பூட்டியே இருக்கும். அப்புறம் அந்த 5.1 எங்கிருந்து வந்தது? இந்தச் சிப் ஆலையிலிருந்து வரும்போதே தானாகத் தொடும் உச்ச வேகம், அதாவது டர்போ வேகம், அது! பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) அவர்கள் செய்திருந்தது ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியைப் போட்டதும், ப்ராசசர் இழுக்கும் மின்சாரத்துக்கான பவர் லிமிட்டை 4096 வாட்டுக்கு, அதாவது வரம்பே இல்லாமல், திறந்துவிட்டதும்தான். அதுவும் அந்தச் சின்ன ஃபேனை வைத்துக்கொண்டு.

கேட்டதற்கு, "மெட்ராஸ் வெயிலுக்கு அப்படித்தான் சார் இருக்கும், ஏசி போட்டு யூஸ் பண்ணுங்க" என்றார் கடைக்காரர். அறை 32 டிகிரியிலிருந்து 24-க்கு இறங்கினால் ப்ராசசருக்கும் கிட்டத்தட்ட அந்த எட்டு டிகிரிதான் லாபம். இப்போது வேறு இடத்தில் இரட்டை ஃபேன் டவர் கூலர் வாங்கி மாட்டி, பவர் லிமிட்டை 181-இல் நிறுத்தியிருக்கிறேன். ஏசி இல்லாத அதே அறையில் வெப்பம் 85-ஐ ஒட்டி நிற்கிறது, வேகமும் இறங்குவதில்லை.

வாங்கும்போது கூலரின் மாடல் பெயரையும் போர்டின் மாடல் பெயரையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எல்லாக் காலிப் பெட்டிகளையும் கேட்டு வாங்குங்கள். ப்ராசசரின் வாரண்டிக்குப் பெட்டியில் உள்ள சீரியல் எண் தேவைப்படும். கடையிலேயே பத்து நிமிடம் சினிபெஞ்ச் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் வேறு கடை பாருங்கள்.

எனக்கு விற்ற கடையில் கூலருக்கான விலை வித்தியாசத்தை மட்டும் தருகிறார்களாம். செய்யாத ஓவர்க்ளாக்குக்கு வாங்கிய 3,500 பற்றிப் பேச்சே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.